ஜிசிசி கம்பைலர்: "எஃப்951 இல்லை" என்று நின்றுவிடுகிறது, அவசரம்

நீர்மட்டம் (இரவு 10:52)
வணக்கம். கைடு கொடுத்த நிலத்தடி நீர் ப்ரோக்ராம் கம்பைல் ஆகவே மாட்டேன் என்கிறது. எஃப்951 என்ற கோப்பு இல்லையாம், செய்தியில் எக்ஸெக்விபி என்றும் ஒரு பெயர் வருகிறது. ஃபோல்டர் முழுக்கத் தேடிவிட்டேன், அப்படி ஒரு கோப்பை இந்த ப்ரோக்ராம் எங்கேயும் கூப்பிடவே இல்லை. ஜிசிசி சரியாகத்தான் இருக்கிறது, என் சி ப்ரோக்ராம்கள் எல்லாம் ஓடுகின்றன. நாளைக் காலை ரிவ்யூ. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

குமிழ்விளக்கு (10:58)
எந்த லினக்ஸ்? ஜிசிசி எத்தனையாவது பதிப்பு? என்ன கட்டளை அடித்தீர்கள்? ப்ரோக்ராம் எந்த மொழியில் இருக்கிறது?

பாதைமணி (11:01)
பாத் (கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்ற பட்டியல்) பிரச்சினைதான். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை இதுதான். பாஷ்ஆர்சி கோப்பைத் திறந்து பாத் வரியை இங்கே ஒட்டுங்கள்.

மூத்த_கோடன் (11:04)
பிழைச் செய்தியை முழுதாக ஒட்டத் தெரியாதவர்கள் கம்பைலர் பக்கம் ஏன் வருகிறார்கள் என்று எனக்கு இன்னமும் புரிந்ததில்லை. முதலில் கையேட்டைப் படியுங்கள். இந்தக் கேள்விக்கு நானே பல முறை பதில் எழுதியிருக்கிறேன், தேடினால் கிடைக்கும்.

நீர்மட்டம் (11:09)
ஃபோர்ட்ரான்தான். நிலத்தடி நீர் என்றேனே, அந்தக் காலத்து ப்ரோக்ராம் வேறு எதில் இருக்கும்? உபுண்டு 22.04. ஜிசிசி என்று அடித்து ஒரு இடைவெளி விட்டு மெயின்.எஃப் என்று கொடுத்தேன், அவ்வளவுதான். பாத் வரியில் ஒன்றும் மாற்றவில்லை.

ஆறாம்_கட்டம் (11:17)
பாதைமணி அண்ணா, இது பாத் இல்லை.

நீர்மட்டம், எஃப்951 உங்கள் கோப்பு அல்ல, அதுதான் ஃபோர்ட்ரான் கம்பைலரே. நாம் அடிக்கிற ஜிசிசி ஒரு மேஸ்திரி மாதிரி. கோப்பின் பின்னொட்டைப் பார்த்து வேலையை உரிய ஆளிடம் கொடுக்கும். சி என்றால் சிசி1, சி++ என்றால் சிசி1ப்ளஸ், ஏடா என்றால் ஜிநாட்1, ஃபோர்ட்ரான் என்றால் எஃப்951. இந்த ஆட்கள் தனித்தனிப் பொட்டலங்களில் வருகிறார்கள். உங்கள் மேஸ்திரிக்கு .எஃப் என்றால் ஃபோர்ட்ரான் என்று தெரிகிறது, ஆனால் அந்த ஆள் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. சி ஓடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சோதிக்க: ஜிசிசி -ப்ரின்ட்-ப்ராக்-நேம்=எஃப்951 என்று அடியுங்கள் (எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில்). முழு முகவரி வந்தால் ஆள் இருக்கிறார். வெறும் எஃப்951 என்று மட்டும் திரும்பி வந்தால் இல்லை. பிறகு சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜிஃபோர்ட்ரான்.

பாதைமணி (11:20)
அது சரி, ஆனால் எக்ஸெக்விபி (இன்னொரு ப்ரோக்ராமை ஓட்டச் சொல்லும் அழைப்பு) பாத்தில்தானே தேடும்?

ஆறாம்_கட்டம் (11:23)
முதலில் ஜிசிசி தன் சொந்த அடைவுக்குள் தேடும். அங்கே கிடைக்காவிட்டால்தான் வெறும் பெயரைக் கொண்டு பாத் பக்கம் போகும். அதனால்தான் செய்தியில் எக்ஸெக்விபி பெயர் வருகிறது. பாத்தைத் திருத்தி எஃப்951 வராது.

செந்தமிழ்ச்செல்வி_நிரல் (11:26)
கம்பைலர் என்று எழுதுகிறீர்களே எல்லோரும், தொகுப்பி என்று அழகான சொல் இருக்கிறதே.

குமிழ்விளக்கு (11:28)
அப்படியானால் ஜிசிசியின் முழுப்பெயர் "க்னூ தொகுப்பித் தொகுப்பு" ஆகிவிடும், அக்கா. சங்கடம்.

மூத்த_கோடன் (11:31)
1987-இல் வெளிவந்தபோது அது வெறும் "க்னூ சி கம்பைலர்". 1999-இல்தான் விரித்துப் பெயர் வைத்தார்கள். இதெல்லாம் தெரியாமல் விவாதிப்பது வேறு. எப்படியும் ஃபோர்ட்ரான் செத்த மொழி. 2017-இல் ஜிசிசி 7 வந்தபோது ஜாவாவைக் கழற்றி எறிந்தார்கள். அடுத்தது இதுதான். மாணவர்கள் பைத்தானுக்கு மாறுவது நல்லது.

ஆறாம்_கட்டம் (11:36)
ஜாவா போனது பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல். ஃபோர்ட்ரானுக்கு ஆள் இருக்கிறது. நீங்கள் பைத்தானில் நம்பை என்ற கணித நூலகத்தை அழைத்து நேர்கோட்டுச் சமன்பாடு தீர்க்கிறீர்களே, அடியில் வேலை பார்ப்பது லாபேக் என்ற இன்னொரு நூலகம். அதன் மூல நிரல் ஃபோர்ட்ரான். வானிலைக் கணிப்புக்கான டபிள்யூஆர்எஃப் ப்ரோக்ராமும் அப்படித்தான். ஜிசிசி 15-இல், 2025-இல், கோபால் (COBOL) என்ற பழைய மொழியையே புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். எல்எல்விஎம் என்ற இன்னொரு கம்பைலர் திட்டத்தின் பக்கம் ஃபிளாங் என்ற ஃபோர்ட்ரான் கம்பைலர் வேறு வளர்கிறது. செத்ததற்கு இவ்வளவு செலவு செய்வார்களா?

மூத்த_கோடன் (11:39)
கோபாலைச் சேர்த்தது வங்கிகளின் பழைய சுமையால். அதை வளர்ச்சி என்று சொல்வது நகைப்பு.

குமிழ்விளக்கு (11:41)
கேட்டவர் ரிவ்யூவுக்குப் போகணும், நீங்கள் இரண்டு பேரும் வேறு இழை தொடங்குங்கள்.

நீர்மட்டம் (11:44)
இன்ஸ்டால் செய்தேன். எஃப்951 பிழை போய்விட்டது, இப்போது வேறு பிழை. "_ஜிஃபோர்ட்ரான்_எஸ்டி_ரைட் வரையறை இல்லை" என்று முப்பது நாற்பது வரி ஓடுகிறது. இது கைடின் தவறா, என் தவறா?

ஆறாம்_கட்டம் (11:47)
யாருடைய தவறும் இல்லை. கம்பைல் ஆகிவிட்டது, இணைப்பதில்தான் நிற்கிறது. எழுதுவது, படிப்பது போன்ற வேலைகளுக்கு ஃபோர்ட்ரானின் சொந்த நூலகம் வேண்டும். ஜிசிசி என்ற பெயரில் அழைத்தால் அதைச் சேர்க்காது. கட்டளையின் முதல் சொல்லை ஜிஃபோர்ட்ரான் என்று மாற்றுங்கள், அது தானே சேர்த்துக்கொள்ளும்.

பாதைமணி (11:49)
நூலகப் பாதையையும் பாருங்கள்.

நீர்மட்டம் (11:58)
மெயின்.எஃப் தாண்டிவிட்டது. அதோடு சேரவேண்டிய இன்னொரு கோப்பையும் கொடுத்தால் இப்போது 19 பிழை. "வகை பொருந்தவில்லை" என்று ஒரே அழைப்பை இரண்டு இடத்தில் காட்டுகிறது. ஒன்றில் ரியல்(4), இன்னொன்றில் இன்டிஜர்(4). கைடு இதே கோப்பை அவருடைய பழைய மெஷினில் ஓட்டியிருக்கிறார். அங்கே ஜிசிசி 4.8.

ஆறாம்_கட்டம் (நள்ளிரவு 12:06)
பதில் அதில்தான் இருக்கிறது. 2020 மே மாதம் வந்த ஜிசிசி 10-லிருந்து, ஒரே துணைநிரலை ஒரு இடத்தில் முழு எண்ணோடும் இன்னொரு இடத்தில் மெய் எண்ணோடும் அழைத்தால் ஜிஃபோர்ட்ரான் பிழை என்று நிறுத்திவிடுகிறது. உங்கள் 22.04-இல் இருப்பது 11. பழைய ஆட்கள் நினைவகம் மிச்சம் பிடிக்க ஒரே பெரிய வரிசையை முழு எண்ணாகவும் மெய் எண்ணாகவும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். அது அந்தக் காலத்து வழக்கம்.

கட்டளையில் -எஸ்டிடி=லெகசி (பழைய வழக்கங்களை அனுமதி) என்று கொடுத்தால் இவை எச்சரிக்கையாக இறங்கிவிடும், ப்ரோக்ராம் உருவாகும். ஆனால் 19-ஐயும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். அதில் ரியல்(4), ரியல்(8) என்று, அதாவது நான்கு பைட் மெய் எண், எட்டு பைட் மெய் எண் என்று, ஏதாவது இருக்கிறதா?

நீர்மட்டம் (12:11)
ஒன்று இருக்கிறது. 412-ஆம் வரி. கடைசியில் 1.0 என்று கொடுத்திருக்கிறது. 390-இல் அதே இடத்தில் டபுள் ப்ரிசிஷன் மாறி.

ஆறாம்_கட்டம் (12:15)
அதை மட்டும் விடாதீர்கள். 1.0 என்பது நான்கு பைட். துணைநிரலுக்குள் டபுளாக அறிவித்திருந்தால் அது எட்டு பைட் படிக்கும், மிச்ச நான்கில் பக்கத்தில் கிடக்கும் குப்பை வரும். லெகசி போட்டால் கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும், விடை மட்டும் தப்பாக இருக்கும். அந்த வரியை 1.0டி0 என்று மாற்றிவிட்டு, பழைய மெஷினில் வந்த விடையோடு ஒத்துப்பாருங்கள்.

மூத்த_கோடன் (12:18)
இதைத்தான் செத்த மொழி என்றேன்.

நீர்மட்டம் (12:40)
லெகசி போட்டேன், ஓடிவிட்டது!! மிக்க நன்றி அண்ணா.

ஆறாம்_கட்டம் (12:42)
412-ஐ மாற்றினீர்களா?

ஆறாம்_கட்டம் (மூன்று நாள் கழித்து, காலை 9:15)
நீர்மட்டம், ரிவ்யூ எப்படிப் போயிற்று? 412?

வங்கிவேலன் (இரண்டு வாரம் கழித்து, மாலை 4:30)
எனக்கும் இதே பிழை, ஆனால் கோபால்1 இல்லை என்று வருகிறது. அவசரம்.

குமிழ்விளக்கு (4:33)
எந்த லினக்ஸ்? என்ன கட்டளை அடித்தீர்கள்?

பாதைமணி (4:35)
பாத் வரியை ஒட்டுங்கள்.