காளான் மேக்ரோ, இயற்கை ஒளி மட்டும்: படம் ஏன் கூர்மையாக வரமாட்டேன் என்கிறது?

கேள்வி

வணக்கம். மழை விட்டபின் மரத்தடியில் முளைக்கும் சின்னக் காளான்களைப் படம் எடுத்துப் பழகுகிறேன். ஃபுல் ஃபிரேம் கேமரா, 100 மிமீ மேக்ரோ லென்ஸ் (சின்னப் பொருளை மிக நெருங்கி எடுப்பதற்கானது), முக்காலி. ஃபிளாஷ் போட்டால் ஈரக் குடையின் மேல் வெள்ளைத் திட்டு விழுகிறது, அதனால் அதைத் தொடுவதில்லை. எஃப்/22 (லென்ஸின் துளை மிகச் சிறிது), ஐஎஸ்ஓ 100 (ஒளியுணர்திறன் குறைவு) வைத்தால் ஷட்டர் 2 முதல் 4 விநாடி வரை போகிறது. கேமராத் திரையில் அருமையாகத் தெரியும் படம், கணினியில் பெரிதாக்கினால் எங்குமே கூர்மையாக இல்லை. வெள்ளைக் காளான் என்றால் மேல்பக்கம் வெளிறிவிடும், அடிப்பக்கம் கரிதான். வெளிச்சம் போதாததுதான் காரணமா? ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றலாமா, இல்லை லென்ஸே சரியில்லையா?

பதில் 1

லென்ஸைச் சந்தேகிக்க வேண்டாம். வெளிச்சம் குறைவு என்பதும் இங்கே பெரிய பிரச்சினை இல்லை. எதுவும் அசையாமல் இருந்தால் 4 விநாடியிலும் கூர்மையான படம் வரும். எது அசைகிறது என்பதை எடுத்த படத்திலேயே கண்டுபிடிக்கலாம்.

100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, காளான் இருக்கும் அதே தூரத்தில் உள்ள பாசியையோ மரப்பட்டையையோ பாருங்கள். பட்டை கூர்மையாக இருந்து காளான் மட்டும் கலங்கியிருந்தால் காற்று. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் முக்காலி. இழுபட்ட தடமே இல்லாமல் படம் முழுக்க மெத்தென்று இருந்தால், அது எஃப்/22 செய்யும் வேலை.

துளை மிகச் சிறிதானால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவும். மேக்ரோவில் இது இன்னும் மோசம். பொருளை 1:1 அளவில் (சென்சாரில் விழும் பிம்பமும் பொருளின் அசல் அளவே) எடுக்கும்போது எஃப்/22 என்பது நடைமுறையில் ஏறக்குறைய எஃப்/44 போல நடந்துகொள்ளும். சில கேமராக்கள் இதைக் கணக்கிட்டுக் காட்டும், பல காட்டாது. துளையைப் பெரிதாக்கி எஃப்/8க்கு வந்துவிடுங்கள். ஐஎஸ்ஓவைக் கூட்டாமலே 4 விநாடி அரை விநாடியாகிவிடும்.

முக்காலி பற்றி ஒன்று. சருகு மெத்தை மேல் நிறுத்தினால் கால்கள் மெதுவாக அமிழ்ந்துகொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கெட்டி மண் தட்டும்வரை அழுத்திவிட்டு, 2 விநாடி டைமர் வைத்து எடுங்கள். லென்ஸின் அசைவுத் தடுப்பை அணைத்துவிடுவது நல்லது. மிகத் தாழ்வான காளானுக்கு மணல் நிரப்பிய துணிப்பையே போதும்.

பதில் 2

கூர்மை பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த 'அடிப்பக்கம் கரி' தான் உறுத்துகிறது. காட்டுக்குள் வெளிச்சம் பெரும்பாலும் மேலிருந்துதான் இறங்கும். காளானோ குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது. குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள் இருட்டாகத்தானே இருக்கும்? உள்ளங்கை அளவு வெள்ளை அட்டை ஒன்றைச் சட்டகத்துக்கு வெளியே, குடைக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். ஒவ்வொரு மடிப்பும் எழுந்து நிற்கும். கசக்கிப் பிரித்த அலுமினியத் தாள் இன்னும் வலுவாக அடிக்கும், ஆனால் கொஞ்சம் நெருங்கினாலும் செயற்கையாகத் தெரியும். நான் அட்டையோடு நிறுத்திக்கொள்வேன்.

மேல்பக்கம் வெளிறுவது கேமராவின் கணக்கு. சுற்றிலும் கறுப்பு மண் இருப்பதால் அது எல்லாவற்றையும் வெளிச்சமாக்கப் பார்க்கும், நடுவில் இருக்கும் வெள்ளை எரிந்துபோகும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து (அதாவது ஒளியைப் பாதியாக்கி), ஹிஸ்டோகிராம் (கேமராத் திரையில் வரும் வெளிச்ச வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் பாருங்கள். வெயில் புள்ளி புள்ளியாக விழும் நேரமென்றால் மெல்லிய வெள்ளைத் துணியை இடையில் பிடிக்க வேண்டும். மேகம் மூடிய நாள்தான் நமக்கு நல்ல நாள்.

குடை மெல்லியதாக, ஒளி ஊடுருவும்படி இருந்தால் இதையெல்லாம் மறந்துவிட்டுப் பின்பக்க ஒளியில் எடுங்கள். பின்னணி இருட்டாக அமைந்து அதிர்ஷ்டமும் இருந்தால், வித்துகள் புகைபோல இறங்குவதுகூடப் பதிவாகும். அதற்கு ஈடாக எந்த ஃபிளாஷும் கிடையாது என்பது என் கட்சி.

கேட்டவர்

பார்த்தேன். எல்லாப் படமும் மெத்தென்று இருக்கிறது. அதோடு, தண்டு மெல்லிசான காளான்களில் பட்டை பரவாயில்லை, குடை மட்டும் ஆடியிருக்கிறது. எஃப்/8க்கு வந்தால் இன்னொரு சிக்கல்: குடையின் முன்விளிம்பு மட்டும்தான் தெளிவு, தண்டு மங்கல்.

பதில் 1

அது இயல்பு. 1:1ல் எஃப்/8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். பாதி அளவில் எடுத்தால் 3 மில்லிமீட்டர் வரை கிடைக்கும், அதனால் சற்றுப் பின்வாங்கி எடுத்துவிட்டு ஓரங்களை வெட்டுவதும் ஒரு வழி. இல்லையென்றால் ஃபோகஸை முன்னிருந்து பின்னாக நகர்த்திப் பல படம் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டேக்கர் போன்ற மென்பொருளில் அடுக்குங்கள், அதாவது ஒவ்வொன்றிலும் தெளிவாக உள்ள பகுதியை ஒரே படமாகச் சேருங்கள். ஃபோட்டோஷாப்பும் செய்யும்.

பதில் 3

அடுக்கலாம், ஆனால் ஆடுகிற காளானை அடுக்கினால் விளிம்பெல்லாம் இரட்டைக் கோடாக வரும். அதற்கு முன் கேமராவின் கோணத்தைத் திருத்திப் பாருங்கள். தண்டுக்கு இணையாகக் கேமராவின் முதுகு நேராக நின்றால், தண்டும் குடை விளிம்பின் இரு முனைகளும் ஏறக்குறைய ஒரே தளத்தில் வந்துவிடும். ஒரே படத்தில் வேலை முடிந்துவிடலாம். மேலிருந்து சாய்த்து எடுப்பதால்தான் தண்டு கைவிட்டுப் போகிறது.

காற்றுக்கு, அது வரும் பக்கம் நீங்களே உட்கார்ந்துகொள்ளுங்கள். காற்று நடுவில் ஓயும், அந்த இடைவெளியில் அழுத்துங்கள். மெல்லிய தண்டுக்கு மட்டும் ஐஎஸ்ஓவை 800 வரை ஏற்றுவதில் தப்பில்லை. வசதிக்காகப் பிடுங்கி நட்டு எடுப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அது வேண்டாம், படத்திலும் அது தெரிந்துவிடும்.

கேட்டவர்

கோணம் மாற்றியதும் தண்டு வந்துவிட்டது, நன்றி. ஆனால் வெள்ளைக் காளான் லேசாகப் பச்சையடிக்கிறதே?

பதில் 2

இலைகள் வழியாக வடிந்து வரும் ஒளி அப்படித்தான். ரா ஃபைலாக (கேமரா மெருகேற்றாத மூலக்கோப்பாக) எடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் முதல் படத்தில் சாம்பல் அட்டையை வைத்து எடுத்து, அதைக்கொண்டு ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரியும் நிறச் சமனை) சரிசெய்யுங்கள். அப்புறம் பச்சைக்கு எதிர்நிறமான மஜெந்தா பக்கம் ஒரு துளி நகர்த்தினால் போதும். பச்சையை முழுக்கத் துடைத்துவிடாதீர்கள், ஸ்டுடியோவில் எடுத்ததுபோல ஆகிவிடும்.