ஃபேட்டி லிவருக்கு புரோபயாட்டிக் மாத்திரை தரலாமா?

கேள்வி:

வணக்கம். என் கணவருக்கு 46 வயது. மதுப் பழக்கம் கிடையாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று வந்திருக்கிறது, ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதியான எஸ்ஜிபிடி 78 காட்டுகிறது. உடல் எடையைக் குறைக்கச் சொன்ன மருத்துவர் மருந்து எதுவும் எழுதித் தரவில்லை. குடல் கெட்டதால்தான் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது, நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரை எடுத்துக்கொண்டால் அது கரைந்துவிடும் என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். குடலுக்கும் கல்லீரலுக்கும் அப்படியொரு தொடர்பு உண்டா? இந்த மாத்திரையை நம்பி வாங்கலாமா?

மறுமொழி 1:

தொடர்பு உண்டு, சகோதரி. உங்கள் உறவினர் சொல்வதில் அந்தப் பாதி சரிதான். கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகக் குடல் பகுதியிலிருந்தே வருகிறது. குடலின் உட்சுவரில் செல்களுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்தால், சிலவகை பாக்டீரியாக்களின் வெளியுறையில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு என்ற நச்சுப்பொருள் கசிந்து அதே சிரை வழியாகக் கல்லீரலை அடைகிறது. அங்குள்ள நோய் எதிர்ப்புச் செல்களான குப்ஃபர் செல்கள் அதை எதிர்க்கப்போய் அழற்சி உண்டாகிறது. 2019இல் வெளிவந்த ஒரு சீன ஆய்வில், ஃபேட்டி லிவர் உள்ள பலரின் குடலில் ஆல்கஹாலை மிகுதியாக உற்பத்தி செய்யும் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா காணப்பட்டது. அந்தக் கிருமியை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது.

ஆனால் குடலுக்குப் பங்கு இருக்கிறது என்பதால் மாத்திரை குணப்படுத்திவிடும் என்று ஆகிவிடாது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் நடந்து 2020இல் வெளியான 'இன்சைட்' ஆய்வை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஃபேட்டி லிவர் உள்ள 104 பேரில் ஒரு பிரிவினருக்கு பிஃபிடோபாக்டீரியம் வகை ஒன்றையும் அதற்கு உணவாகும் நார்ச்சத்தையும் சேர்த்து ஏறக்குறைய ஓராண்டு கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. குடல் நுண்ணுயிரிகளின் அமைப்பு மாறியது உண்மை. கல்லீரல் கொழுப்போ, தழும்பைக் காட்டும் அளவீடுகளோ போலி மாத்திரை எடுத்தவர்களைவிடக் குறையவில்லை. சிறிய ஆய்வுகள் சிலவற்றில் எஸ்ஜிபிடி ஓரளவு இறங்கியிருக்கிறது. அவை பெரும்பாலும் சில மாதங்களே நடந்தவை, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நுண்ணுயிரிகள். மேலும் எஸ்ஜிபிடி இறங்கியதை மட்டும் வைத்துக் கொழுப்பு கரைந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

மறுமொழி 2:

மேலே நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். டப்பாவின் லேபிளைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 'லாக்டோபேசில்லஸ்' என்ற பொதுப்பெயரும் பல நூறு கோடிக் கணக்கில் ஓர் எண்ணிக்கையும்தான் இருக்கும். எந்த ரகம் என்று காட்டும் குறியீடு இருக்காது. புரோபயாட்டிக்கின் பலன் ரகத்துக்கு ரகம் மாறும் என்பதால், ஆய்வில் பயன்படுத்தியதும் கடையில் கிடைப்பதும் ஒன்றா என்று நம்மால் கண்டுபிடிக்கவே முடியாது.

நலமாக இருப்பவருக்குப் பொதுவாகத் தீங்கில்லை. நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் தீவிர நோயில் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் நெதர்லாந்தில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், புரோபயாட்டிக் பெற்றவர்களில் 16 சதவீதத்தினரும் பெறாதவர்களில் 6 சதவீதத்தினரும் இறந்தனர்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் மருத்துவரிடம் அடுத்து எதைக் கேட்க வேண்டும்?

மறுமொழி 3:

கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று கேளுங்கள். 'கிரேடு 2' என்பது கொழுப்பின் அளவைத்தான் குறிக்கிறது. பின்னாளில் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) வருமா என்பதைத் தீர்மானிப்பது தழும்புதான். வயது, எஸ்ஜிஓடி (எஸ்ஜிபிடி போன்ற இன்னொரு நொதி), எஸ்ஜிபிடி, பிளேட்லெட் எண்ணிக்கை ஆகிய நான்கையும் கொண்டு 'ஃபிப்-4' என்ற மதிப்பைக் கணக்கிடுவார்கள். அது 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. கூடினால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். சர்க்கரை அளவையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

மருந்து எழுதவில்லையே என்று வருந்த வேண்டாம். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணிகிறது. 90 கிலோ உள்ளவருக்கு அது ஏறக்குறைய ஆறேகால் முதல் ஒன்பது கிலோ. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் அனுமதி பெற்ற ரெஸ்மெட்டிராம் என்ற ஃபேட்டி லிவர் மருந்துகூட, அழற்சியோடு நடுத்தரம் முதல் முற்றிய நிலை வரையிலான தழும்பு உள்ளவர்களுக்கே உரியது. குடலையும் கவனிக்க விரும்பினால் இனிப்புப் பானங்களை நிறுத்திவிட்டு, பயறு, காய்கறி, முழுதானியம் ஆகியவற்றைக் கூட்டச் சொல்லுங்கள். நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவு அந்த நார்ச்சத்துதான். எஸ்ஜிஓடியும் பிளேட்லெட்டும் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் இருந்தால் இங்கே பதிவிடுங்கள், ஃபிப்-4 கணக்கைப் போட்டுச் சொல்கிறேன்.