டிசம்பர் 16 நினைவு நாள்: இந்த முறை கொஞ்சம் மாற்றிச் செய்வோமா?

ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

நினைவுத்தூணை எப்படி அலங்கரிப்பது, யாரைத் தலைமை தாங்கக் கூப்பிடுவது என்று கொஞ்ச நாளாக மடல் ஓடிக்கொண்டிருக்கிறது. பந்தல், பூ, மைக்செட் எல்லாவற்றுக்கும் பணம் சேர்ந்துவிட்டது, சந்தோஷம். எனக்கு ஒரே ஒரு கேள்வி. 1971 இல் பாகிஸ்தானோடு நடந்த 71 சண்டைக்குப் போய் வந்த நம் ஊர்ப் பெரியவர்கள் அன்றைக்கு எங்கே உட்காரப் போகிறார்கள்?

போன வருட வீடியோவை மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள். முன்வரிசை முழுக்க விருந்தினர்கள். ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்த வடக்குத் தெருப் பெரியப்பா சட்டையில் மெடல்களைக் குத்திக்கொண்டு, பந்தல் காலைப் பிடித்தபடி கடைசியில் நிற்கிறார். பொன்னாடை போர்த்தும்போதும் பெயரைச் சொல்லி "முன்னாள் ராணுவ வீரர்" என்றதோடு முடித்துவிட்டார்கள். அவர் நெஞ்சில் இருந்தது பூர்வி ஸ்டார், கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. மேற்கு முனைக்குப் பச்சிமி ஸ்டார். இதை மைக்கில் ஒரு வரி சொல்லியிருந்தால், 1971 டிசம்பர் 3 இல் தொடங்கி 16 ஆம் தேதி டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் தளபதி நியாசி கையெழுத்துப் போட்டுச் சரணடைந்ததோடு முடிந்த, பாகிஸ்தான் தரப்பில் சுமார் 93,000 பேர் கைதியான அந்தப் போரில் நம் தெருக்காரர் ஒருவர் இருந்திருக்கிறார் என்று அங்கே நின்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

அவரிடம் போனில் பேசினேன். ராத்திரியில் டெலிபோன் கேபிள் இழுப்பதுதான் வேலையாம். குண்டு விழுந்து லைன் அறுந்தால் ஒருவர் வெளியே போக வேண்டும், டார்ச் அடிக்கக் கூடாது, கேபிளைக் கைக்குள் ஓடவிட்டுக்கொண்டே இருட்டில் நடந்து, அறுந்த முனை கையில் தட்டியதும் அடுத்த முனையைத் தரையில் தடவித் தேடி முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இவ்வளவு வருஷத்தில் இதை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை என்றார். மிலிட்டரி என்றால் துப்பாக்கி பிடித்தவர் மட்டும்தான் என்று நாமே ஒரு கணக்கு வைத்திருக்கிறோம், டிரைவராகவும் சமையல்காரராகவும் போனவர்களை மேடைக்கே கூப்பிடுவதில்லை. அவர்களும் அதே குண்டு மழைக்குள் இருந்தவர்கள்தான்.

அப்புறம், திரும்பி வராதவர்கள். 71 இல் செத்தவர்களின் உடல் பெரும்பாலும் ஊருக்கு வரவில்லை. களத்திலேயே எரித்துவிட்டு வீட்டுக்குத் தந்தி அனுப்பினார்கள். கொடி போர்த்திய பெட்டிகள் ஊர் ஊராக வந்து இறங்கியதை நாம் பார்த்தது 1999 கார்கில் சமயத்தில்தான். டிசம்பர் 9 ராத்திரி டையூவுக்கு அப்பால் நம் கடற்படையின் குக்ரி கப்பல் மூழ்கியபோது 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அதோடு போனார்கள், அந்தக் குடும்பங்களுக்கு எரிக்கக்கூட எதுவும் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட வீடுகளுக்குக் கல்லில் இருக்கும் பெயர்தான் சமாதி. டெல்லி தேசியப் போர் நினைவகத்தில் ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனிக் கருங்கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள், தினமும் சாயங்காலம் யாராவது ஒரு வீரரின் குடும்பத்தாரைக் கொண்டு மலர்வளையம் வைக்கிறார்கள். நம் ஊரில் என்ன நடக்கிறது? மாமாவைப் போரில் இழந்த மேலத்தெரு அத்தை கூட்டம் கலைந்த பிறகுதான் தூண் பக்கமே வருகிறார். கூட்டத்தில் அவருக்கு இடம் இல்லை, அதனால்தான்.

இந்த முறை முதல் மாலையை அத்தை வைக்கட்டும். விருந்தினர்கள் பிறகு வைக்கலாம். மாமாவின் மெடல்களை அவர் அணிய விரும்பினால் வலப்பக்கம் குத்திக்கொள்ளலாம், சொந்த மெடல் இடப்பக்கம், இறந்தவருடையதை வீட்டார் அணிந்தால் வலப்பக்கம் என்பதுதான் முறை. சினிமாப் பாட்டு வேண்டாம். பியூகிள் ஊத ஆள் கிடைத்தால், இறந்த வீரர்களுக்காக வாசிக்கும் லாஸ்ட் போஸ்ட் இசை, இரண்டு நிமிடம் மௌனம், பெயர்களை ரேங்க், ரெஜிமெண்டோடு நிறுத்தி வாசித்தல், போதும். அரை மணிக்குள் முடித்துவிடலாம், வயசானவர்களை வெயிலில் வைத்துக்கொண்டு உரை வேண்டாம். தூணில் பெயர்களுக்குப் பக்கத்தில் ரெஜிமெண்ட் இல்லை, எழுத்துகளின் கறுப்பும் போய்விட்டது. அலங்காரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை அதற்குத் திருப்புங்கள் என்று பொருளாளர் அண்ணனைக் கேட்டுக்கொள்கிறேன்.

உயிரோடு இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள், இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான ஃபீல்டு மார்ஷல் கரியப்பா 1953 இல் ஓய்வு பெற்ற தேதி. நமக்கு அது போகியோ பொங்கலோ. டிசம்பரில் லீவு கிடைக்காத பாதிப் பேர் அப்போது ஊரில்தான் இருப்போம், பேரன் பேத்திகளும் இருப்பார்கள். பள்ளிக்கூடத்துத் திண்ணையில் பாய் விரித்து உட்காரவைத்து அவர்கள் பேச நாம் கேட்கலாம், பொன்னாடை கூட அவசியமில்லை. 71 இல் இருபது வயதில் போனவர்கள் எல்லாம் எழுபதைத் தாண்டிவிட்டார்கள், அடுத்த பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது.

வீட்டில் டிஸ்சார்ஜ் புக் (ராணுவத்திலிருந்து விடுபடும்போது கொடுப்பது), பழைய கடிதம், யூனிஃபார்ம் போட்டோ இருப்பவர்கள் படம் எடுத்து இந்த மடலுக்கே பதிலாக அனுப்புங்கள், கல்லில் ரெஜிமெண்ட் சேர்க்க அதுதான் ஆதாரம். எழுத்து கலைந்திருந்தாலும் பரவாயில்லை, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். மெடல் இருந்தால் பாலிஷ் எதுவும் போட்டுத் தேய்க்காமல் அப்படியே படம் எடுங்கள், விளிம்பில் நம்பரும் பெயரும் இருந்தால் அதையும் கிட்டத்தில் எடுங்கள். பொங்கலுக்கு யார் யார் ஊரில் இருப்பீர்கள், பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய யார் பொறுப்பு எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். வடக்குத் தெருப் பெரியப்பாவுக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை, கேள்வி கேட்பவர் அவருக்கு வலப்பக்கமாக உட்கார வேண்டும்.