சென்னை அடுக்குமாடி வீட்டில் முதல் உப்புநீர் மீன்தொட்டி: எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பெரம்பூர்த்தொட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக வீட்டில் நன்னீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். கப்பியும் மோலியும் குட்டி போட்டுப் பெருகும் அளவுக்குக் கை பழகிவிட்டது. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஓராண்டாகக் கோமாளி மீன் (கிளவுன் ஃபிஷ் என்ற கடல்மீன்) வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருப்பதால், உப்புநீர்த் தொட்டி ஒன்றை முறையாக வைத்துவிடலாம் என்று முடிவு செய்து, சென்ற ஞாயிற்றுக்கிழமை கொளத்தூருக்குப் போய் மூன்று கடைகளில் விசாரித்துவிட்டு வந்தேன். போய் வந்தபின் குழப்பம்தான் கூடியிருக்கிறது.

முதல் கடைக்காரர் இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டியே தாராளம் என்றும், உப்பைக் கரைத்து ஊற்றி மூன்றாம் நாளே மீனை விடலாம் என்றும் சொன்னார். அடுத்த கடையில், தண்ணீர் பதமாவதற்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை மீன் தரமாட்டோம் என்றார்கள். மூன்றாவது கடையில் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வந்த பவளக்கல் இருப்பதாகவும், அதைப் போட்டால் மறுநாளே தொட்டி தயாராகிவிடும் என்றும் சொல்லி, உள்ளறையிலிருந்து ஒரு துண்டை எடுத்துவந்து காட்டினார்கள்.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிறது. மே மாதத்தில் பகல் வேளையில் கூடத்திலேயே 35 டிகிரி வரை ஏறிவிடும். வீட்டில் சமையலறைக்கென்று ஆர்.ஓ. இயந்திரம் ஒன்று இருக்கிறது. அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தலாமா, அல்லது பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து கேனில் கடல்நீரையே எடுத்துவந்து ஊற்றுவது நல்லதா? தொட்டி எந்த அளவில் இருக்க வேண்டும்? இந்த வெயிலில் இதெல்லாம் நடக்கக்கூடிய காரியம்தானா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நெய்தற்கரை எழுதியது:

வணக்கம் ஐயா. இரண்டாவது கடைக்காரர் சொன்னதை நம்புங்கள். விற்பனையைத் தள்ளிப்போட்டு உண்மையைச் சொல்பவரிடமே பின்னால் மீனையும் வாங்குங்கள்.

முதலில் அளவு. 2×1×1 அடித் தொட்டி கணக்குப்படி 56 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் போட்ட பிறகு உள்ளே நிற்பது 45 லிட்டர்தான். நீரின் அளவு குறையக் குறைய அதன் வெப்பமும் உப்பும் கழிவும் ஒரே நாளில் மாறிவிடும் என்பதால், சிறிய தொட்டி புதியவர்களுக்கு எளிது என்ற எண்ணமே தலைகீழானது. இடம் இருந்தால் 2×1½×1½ அடியில் செய்யச் சொல்லுங்கள். கல்லும் மணலும் போக ஏறத்தாழ 100 லிட்டர் நீர் நிற்கும். மேசையோடு சேர்த்து 200 கிலோவை நெருங்கும் என்பதால், கூடத்தின் நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டி, அடியில் உத்தரம் ஓடும் பக்கமாக வையுங்கள்.

கடல்நீர் வேண்டாம். பெசன்ட் நகருக்குப் பக்கத்திலேயே அடையாற்று முகத்துவாரம் இருக்கிறது. நகரத்தின் கழிவு அங்கேதான் வந்து சேர்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெள்ளநீர் கலந்து உப்பும் இறங்கிவிடும். கரையோர நீரை நம்பி ஒரு தொட்டியை ஆண்டு முழுவதும் நடத்த முடியாது.

சமையல் உப்பும் உதவாது. கடல்நீரில் கரைந்திருப்பவற்றில் எடைக்கணக்கில் 85 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சோடியமும் குளோரைடும் இருக்கின்றன. எஞ்சியவை மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் முதலியன. உப்பளத்தில் நீர் வற்றும்போது கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்த ஜிப்சம் முன்னதாகவே படிந்துவிடுகிறது, மக்னீசியம் கடைசியில் வடித்துவிடும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. அதனால் தூத்துக்குடி உப்பை எவ்வளவு சுத்தமான நீரில் கரைத்தாலும் அது மறுபடியும் கடல்நீர் ஆகாது. கடல் மீன்தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும்.

உங்கள் ஆர்.ஓ. இயந்திரத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். வீட்டு உபயோக இயந்திரங்களில் சுவைக்காகச் சிறிது குழாய்நீரைத் திரும்பக் கலக்கும் திருகு ஒன்றும், தாதுக்களைச் சேர்க்கும் வடிகட்டி ஒன்றும் இருக்கும். இப்போது பல இயந்திரங்களில் செம்பு கலக்கும் வடிகட்டியும் சேர்த்தே வருகிறது. குடிப்பவருக்கு அது எப்படியோ, இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு நஞ்சு. ஆகவே நீரை வடிக்கும் ஆர்.ஓ. சவ்வைத் தாண்டியவுடன், இந்த வடிகட்டிகளுக்கு முன்பாகவே குழாயைப் பிரித்து நீரை எடுத்து, அதை எஞ்சிய உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழல் ஒன்றின் வழியாக விட்டு, கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 0 அல்லது 1 காட்டும் நீரைப் பிடித்து வையுங்கள். இதில் சிக்கனம் பார்த்தால் மூன்றாவது மாதத்தில் பாசி வந்து கண்ணாடியை மூடும்.

உப்பைத் தொட்டிக்குள் கரைக்காமல், மூடியுள்ள நெகிழி டிரம்மில் சிறிய மோட்டார் ஒன்றைப் போட்டுக் கரையுங்கள். எப்போதும் நீரில் உப்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். உப்பின்மேல் நீரை ஊற்றினால் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து நீர் வெளுத்துவிடும். 100 லிட்டருக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ வரை பிடிக்கும். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டபின், உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது ஒப்படர்த்தி 1.026 காட்ட வேண்டும். கருவியைச் சுத்த நீரில் மட்டும் சரிபார்க்காமல், 35 என்று அளவிட்ட சோதனைக் கரைசலில் சரிபாருங்கள்.

தொட்டியில் நீர் குறையும்போது ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. நன்னீர்த் தொட்டிக்காரர்கள் பழக்க தோஷத்தில் உப்புநீரையே ஊற்றிவிடுவார்கள். ஊற்ற வேண்டியது வெறும் ஆர்.ஓ. நீர். என் தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். காலையில் பல் துலக்கிய கையோடு, நீர் அந்தக் கோட்டைத் தொடும்வரை ஒரு குவளையால் ஊற்றிவிடுவேன்.

இனி அந்த ஒரு மாதக் காத்திருப்பு எதற்கென்று சொல்கிறேன். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அதை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை கல்லிலும் மணலிலும் போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நன்னீரில் இதே வேலை நடப்பதால் உங்களுக்குப் புதிதில்லை, ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கடல்நீரின் பி.எச்., அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 8.1 முதல் 8.3 வரை இருக்கும். பி.எச். 7 உள்ள நன்னீரில் இருக்கும் அதே அளவு அம்மோனியா இங்கே இருந்தால், அதில் நஞ்சாக நிற்கும் பகுதி பத்து மடங்கு வரை கூடிவிடும். கப்பி தாங்கிக்கொண்ட தவற்றைக் கோமாளி மீன் தாங்காது.

2014இல் நான் முதல் தொட்டி வைத்தபோது, ஒரு கடையில் சொன்னதை நம்பி ஐந்தாம் நாளே இரண்டு மீன்களை விட்டேன். மறுநாள் மாலையில் அவை வடிகட்டியின் நீர் விழும் மூலையிலேயே ஒதுங்கி, செவுள் மூடிகள் படபடவென்று அடித்துக்கொள்ள மேலே பார்த்தபடி நின்றன. மூன்றாம் நாள் காலையில் இரண்டும் மணலில் கிடந்தன. ஆகவே அம்மோனியம் குளோரைடு கரைசலை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு ஊற்றி, மீன் இல்லாமலே தொட்டியைப் பழக்குங்கள். அந்த அளவு அம்மோனியா 24 மணி நேரத்துக்குள் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யமாகிவிட்டதைச் சோதனைக் குப்பியில் கண்ட பிறகே மீனைப் பற்றி யோசியுங்கள்.

மாடிவீடு எழுதியது:

நெய்தற்கரை ஐயா சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். நானும் மொட்டைமாடிக்குக் கீழ் வீட்டில்தான் இருக்கிறேன் என்பதால் வெயிலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீர் 25 முதல் 27 டிகிரியில் நிற்க வேண்டும். தொட்டியின் மேல் சிறிய மின்விசிறியை வைத்து நீர்ப்பரப்பில் காற்று படச் செய்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் நம் ஊரில் காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் அந்த அளவும் இறங்காது, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு லிட்டர் நீரும் ஆவியாகிவிடும். கூடம் 35 டிகிரியைத் தொடுகிறது என்றால் உங்களுக்கு நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி கட்டாயம் வேண்டும். அதன் விலை தொட்டியின் விலையைவிடப் பல மடங்கு என்பதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் இப்போது இல்லையென்றால் தொடங்குவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பது மீனுக்கு நல்லது. சில்லரை மூடிய அலமாரிக்குள் வைக்க வேண்டாம். அது வெளியே தள்ளும் சூட்டுக்கு வழி வேண்டும்.

மின்தடைதான் இதைவிட ஆபத்தானது. கடல்நீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம், 30 டிகிரியில் 6.2தான். நீர் சூடாகும் அதே நேரத்தில் மோட்டாரும் நின்றுபோனால் மீனுக்கு மூச்சுக்கு வழியில்லை. ஒரு மே மாத இரவு எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி நான்கு மணி நேரம் மின்சாரம் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது மீன்கள் எல்லாம் நீர்ப்பரப்பில் வாய் திறந்து நின்றன. நானும் மனைவியும் மாறி மாறிச் சொம்பால் நீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். மறுவாரமே பேட்டரியில் தானாக ஓடத் தொடங்கும் காற்று மோட்டார் ஒன்றை வாங்கினேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் நீரோட்ட மோட்டாருக்கு அதிலிருந்து ஒரு இணைப்புக் கொடுத்துவிடுங்கள். அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு.

முத்துக்குளித்துறை எழுதியது:

அந்த மூன்றாவது கடைப் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள்.

பவளங்களும் கடற்குதிரைகளும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அட்டவணை அது. ராமேஸ்வரம் கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லை விற்பது மட்டுமன்று, உங்கள் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நான் தூத்துக்குடிக்காரன். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் தோணி தோணியாகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் கடல் தீவை அரித்தது; பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்குள் கிடக்கின்றன. ஒரு கல்தானே என்று தொட்டிக்காரர்கள் கேட்கும்போது எனக்கு அந்தத் தீவுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

நுண்ணுயிர் தங்குவதற்குத் துளைகள் நிறைந்த பரப்பு வேண்டும், அவ்வளவுதான். அதற்காகவே சுட்டுச் செய்யும் செயற்கைக் கற்கள் கிடைக்கின்றன. நெய்தற்கரை ஐயா சொன்ன ஆறு வாரத்தில் அவையும் அதே வேலையைச் செய்யும்.

மீனையும் வளர்ப்பில் பொரித்ததாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையத்திலும் கோமாளி மீன்களை முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறார்கள். தொட்டியிலேயே பிறந்த மீன் நாம் போடும் உணவை முதல் நாளிலிருந்தே உண்ணும். கோமாளி மீன் கடலில் அண்டி வாழும் பூப்போன்ற உயிரான அனிமோனை இப்போது வாங்க வேண்டாம். அதற்கு வலுவான வெளிச்சமும் பல மாதம் நிலைபெற்ற நீரும் தேவை. அனிமோன் இல்லாமலும் கோமாளி மீன் ஒரு கல்லிடுக்கைத் தன் வீடாக்கிக்கொண்டு நன்றாகவே வாழும்.

பெரம்பூர்த்தொட்டி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பவளக்கல் பற்றி எனக்கு இதுவரை தெரியாது. வாங்காமல் வந்தது நல்லதாயிற்று. தொட்டியை நீங்கள் சொன்ன அளவிலேயே செய்யச் சொல்லியிருக்கிறேன். சில்லருக்குப் பணம் சேர்த்துக்கொண்டு ஆகஸ்டில் தொடங்கலாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்தோம். சோதனைக் குப்பியின் நிறத்தைப் பார்த்து நோட்டில் எழுதும் வேலையை மகள் ஏற்றுக்கொண்டாள். 100 லிட்டரில் எத்தனை மீன் விடலாம், எந்த வரிசையில் விட வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள். அவள் நீலநிறச் சர்ஜன் மீனும் கேட்கிறாள்.

நெய்தற்கரை எழுதியது:

நீலச் சர்ஜன் மீன் ஓரடி வரை வளர்ந்து நீண்ட தூரம் நீந்தும் மீன். இந்தத் தொட்டியில் அது நாலு முறை வால் அசைத்தால் கண்ணாடியில் முட்டும் என்று குழந்தைக்குச் சொல்லுங்கள், புரிந்துகொள்வாள்.

தொட்டி பழகி முடியும் தறுவாயில் மணலிலும் கல்லிலும் பழுப்பு நிறத்தில் தூள் போன்ற பாசி படரும். அதைக் கண்டு பயந்து மருந்து எதையும் ஊற்ற வேண்டாம். அப்போது நான்கைந்து நத்தைகளை விடுங்கள். இரண்டு வாரம் கழித்துக் கோமாளி மீன் இரண்டு, ஒன்று சிறியதாகவும் மற்றது சற்றுப் பெரியதாகவும் பார்த்து வாங்குங்கள். இவை எல்லாமே முதலில் ஆணாகத்தான் வளரும்; இரண்டில் வலியது பெண்ணாக மாறிக்கொள்ளும் என்பதால், அளவில் வேறுபாடு இருந்தால் சண்டை குறையும். மேலும் ஒரு மாதம் கழித்து, நைட்ரேட் கட்டுக்குள் இருந்தால், பங்காய் கார்டினல் என்ற சிறிய மீன் ஒன்று சேர்க்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாரந்தோறும் 10 லிட்டர் நீரை மாற்றிவந்தால் இந்த எண்ணிக்கைக்கு, கழிவை நுரையாக்கி அகற்றும் ஸ்கிம்மர் கருவி இல்லாமலே சமாளிக்கலாம்.

ஒவ்வொரு புதிய மீனையும் தனித்தொட்டியில் நான்கு வாரம் வைத்துப் பார்த்துவிட்டே இதில் விடுங்கள். வெண்புள்ளி நோய் ஒருமுறை உள்ளே வந்தால் மருந்துக்குப் பயன்படும் செம்பை நத்தை இருக்கும் தொட்டியில் ஊற்ற முடியாது. மீன் வாங்கும் நாளில் கடைக்காரரிடம் சிறிது உணவு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உண்ணாமல் ஒதுங்கி நிற்கும் மீனை எவ்வளவு விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்கிவர வேண்டாம்.