அதே பவுடர், அதே எடை, ஆனால் போல்ட் மட்டும் திடீரென்று இறுகுகிறது

குறிப்பேட்டுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி 6.5 கிரீட்மோர் (தோட்டா வகை), போல்ட் ஆக்‌ஷன், 24 அங்குல பேரல். இதுவரை 1,400 ரவுண்டு போல ஓடியிருக்கும். தோட்டாக்களை நானே நிரப்புகிறேன். 140 கிரைன் (எடை அளவு) புல்லட்டுக்கு இரண்டு வருஷமாக ஒரே லோடுதான், அதாவது ஒரே பவுடர் அளவு. கையேட்டில் போட்டிருக்கும் உச்ச அளவுக்கு ஒரு கிரைனுக்கும் மேலேயே குறைவு. வேகம் எப்போதும் வினாடிக்கு 2,710 அடியை ஒட்டியே வரும். நான் சலிப்பான ஆள், லோடை மாற்றவே மாட்டேன்.

போன வாரம் மூன்றாவது ரவுண்டிலேயே போல்ட் (தோட்டாவுக்குப் பின்னால் பூட்டும் தண்டு) கைப்பிடியைத் தூக்க முடியவில்லை. உள்ளங்கையால் தட்டித்தான் திறந்தேன். வேகம் அளக்கும் க்ரோனோகிராஃபில் 2,765. கேஸின் (தோட்டாவின் பித்தளைக் கூடு) அடிப்பக்கத்தில் எழுத்துகளுக்கு மேலே பிறை மாதிரி பளபளப்பாக ஒரு தடம். பிரைமரை (பவுடரைப் பற்றவைக்கும் சின்னக் கிண்ணம்) பார்த்தால் ஓரமெல்லாம் உருண்டையாக, சமர்த்தாக இருக்கிறது.

பவுடர் அதே டப்பா, பிரைமர் அதே பெட்டி. தராசை எடைக்கல் வைத்துச் சரிபார்த்துவிட்டேன். இதே கேஸ்களை நிரப்பிச் சுடுவது இது ஐந்தாவது சுற்று. அன்று வெயில் அதிகம், அதுதான் காரணமோ? அரை கிரைன் குறைத்துப் போட்டால் சரியாகிவிடுமா?

காற்றுமானி:

பிரைமர் தட்டையாகவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். வெயில்தான். எனக்கும் கோடையில் 20, 30 அடி ஏறும்.

பித்தளைப்பித்தன்:

காற்றுமானி சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பிரைமர் வாதத்தை நம்பிப் பல பேர் போல்ட்டைச் சுத்தியலால் தட்டித் திறந்திருக்கிறார்கள். பிரைமர் கிண்ணம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு தடிமன். கெட்டியான கிண்ணம் அதிக அழுத்தத்திலும் உருண்டையாகவே நிற்கலாம். இன்னொரு பக்கம், ஹெட்ஸ்பேஸ் (கேஸுக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) அதிகமாக இருந்தால் மிதமான லோடிலேயே பிரைமர் தட்டையாகும். அது தனி சாட்சி ஆகாது.

அந்தப் பிறைத் தடம்தான் பேசுகிறது. போல்ட் முகத்தில், சுட்ட கேஸை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளைக்குள் பித்தளை வழிந்து, போல்ட் திரும்பும்போது தேய்ந்த தடம் அது. கிரீட்மோருக்கு சாமி (SAAMI, அமெரிக்கத் தோட்டாத் தர அமைப்பு) வைத்திருக்கும் உச்சம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. பித்தளை வழிய ஆரம்பித்தால் பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தாண்டியாகிவிட்டது என்று அர்த்தம். வேகமும் சேர்ந்து ஏறியிருக்கிறது. பவுடரைக் கூட்டாமல் 55 அடி சும்மா கிடைக்காது, அழுத்தத்தை விற்றுத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

மீதி ரவுண்டுகளைச் சுடாதீர்கள் தம்பி. அரை கிரைன் குறைப்பதும் வேண்டாம். நேற்றுவரை ஒழுங்காக இருந்த லோடு இன்று மாறினால், மாறியது என்ன என்று தேடுங்கள். சில கேள்விகள்:

போல்ட் தூக்கும் முழு தூரமும் இறுக்கமா, இல்லை மேலே போய்ச் சேரும் இடத்தில் மட்டும் 'டக்' என்று இடிக்கிறதா? கடைசியில் மட்டும் என்றால், பலமுறை சுட்ட கேஸின் அடிப்பகுதியை டை (கேஸைப் பழைய அளவுக்குச் சுருக்கும் அச்சு) போதுமான அளவு சுருக்கவில்லை என்று சந்தேகப்படலாம். அது வேறு நோய்.

கடைசியாக எப்போது டிரிம் செய்தீர்கள், அதாவது நீண்ட கேஸை வெட்டிக் குறைத்தீர்கள்?

சுட்ட கேஸ் ஒன்றை எடுத்து, டையில் போடாமல் அப்படியே, அதன் வாய்க்குள் புது புல்லட்டை விடுங்கள். தானாக விழ வேண்டும். விழுகிறதா?

குறிப்பேட்டுக்காரன்:

அண்ணா, தூக்கும் தூரம் முழுக்க இறுக்கம். டிரிம் செய்தது இரண்டாவது சுற்றுக்கு முன்னால், 1.910 அங்குலத்துக்கு. இன்று அளந்தால் 1.916, 1.917 வருகிறது. உச்சம் 1.920 தானே, அதனால் விட்டுவிட்டேன்.

புல்லட் சோதனை செய்தேன். விநோதமாக இருக்கிறது. வாயில் வைத்ததும் சிக்குகிறது. விரலால் லேசாக அழுத்தினால் ஒரு சின்ன 'டிக்', அப்புறம் கழுத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வாய் விளிம்பில் மயிரிழை அகலத்துக்குப் பளபளப்பான வளையம், விளிம்பு துளி உள்பக்கம் மடிந்த மாதிரி. வெளியே, கழுத்தின் நுனியில் கரி அப்பியிருக்கிறது.

போன வருஷம் சுட்டுப் போட்ட பழைய கேஸ் ஒன்று இழுப்பறையில் கிடந்தது. அதில் புல்லட் சத்தமே இல்லாமல் விழுகிறது.

பித்தளைப்பித்தன்:

அகப்பட்டது. கழுத்து தடித்திருந்தால் முழு நீளமும் பிடிக்கும். தோள்பட்டையோடு சேரும் இடத்தில் பித்தளை வளையம் கட்டியிருந்தால் அடியில் போய் சிக்கும். உங்களுக்கு வாயில் மட்டும் சிக்குகிறது. சேம்பரில் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) கழுத்து முடியும் இடத்தில் கரி வளையம் கட்டியிருக்கிறது, பந்தயமே கட்டுகிறேன்.

கதை இப்படி. கேஸ் வாய்க்கும் சேம்பர் கழுத்தின் முடிவுக்கும் நடுவில் கொஞ்சம் காலி இடம் இருக்கும். 1.910 கேஸை நூற்றுக்கணக்கில் சுடும்போது அந்த இடத்தில் கரி படிந்து, வெந்து, ஓடு மாதிரி இறுகிவிடுகிறது. பிறகு கேஸ் நீண்டு 1.917 ஆகிறது. புத்தகத்தின்படி சரி, உங்கள் சேம்பரின்படி சரியில்லை. வாய் போய்க் கரிக்குள் செருகிக்கொள்கிறது. சுடும்போது புல்லட்டை விடுவிக்க அது விரிந்தாக வேண்டும், விரிய இடமில்லை. அழுத்தம் எகிறுகிறது.

தூரநோக்கி:

ஆனால் அவர் ஒழுங்காகச் சுத்தம் செய்கிற ஆள் மாதிரிதானே தெரிகிறது?

பித்தளைப்பித்தன்:

பேரலைச் சுத்தம் செய்திருப்பார். 6.5 பிரஷ் பேரலுக்குத்தான் பொருந்தும், சேம்பர் கழுத்து அதைவிட அகலம். பிரஷ் அந்த வளையத்தை லேசாகத் தடவிவிட்டுப் போய்விடும். வழிகாட்டிக் குழாய் போட்டால் பல சமயம் அந்த இடத்தைக் குழாயே மூடிக்கொள்ளும்.

போல்ட்டைக் கழற்றிவிட்டு, கரி கரைக்கும் திரவத்தைக் கழுத்துப் பகுதியில் ஊறவிடுங்கள். சின்னக் கம்பியில் .30 அளவு வெண்கல பிரஷ், பின்பக்கமிருந்து கையால் சுழற்றுங்கள். டிரில் மெஷின் வேண்டவே வேண்டாம். முடிந்ததும் சேம்பரைக் காயத் துடைக்க வேண்டும். ஈரமோ எண்ணெயோ இருந்தால் கேஸ் சுவரைப் பிடிக்காது, முழு உந்தலும் போல்ட் மேல் விழும்.

குறிப்பேட்டுக்காரன்:

பந்தயத்தில் நான் தோற்றேன். பேரலுக்குள் பார்க்கும் போர்ஸ்கோப் ஒன்று இரவல் வாங்கி உள்ளே விட்டால், தார் பூசிய மோதிரம் மாதிரி கறுப்பாக ஒரு வளையம். 1,400 ரவுண்டும் நான் பெருமையாகச் சுத்தம் செய்த துப்பாக்கி! நான்கு முறை ஊறவைத்து, சுழற்றி, துடைத்து, மறுபடி பார்த்தபின்தான் எஃகு தெரிந்தது.

மிச்சமிருந்த 37 ரவுண்டிலும் புல்லட்டை உருவி, எல்லாக் கேஸையும் 1.910க்கு டிரிம் செய்தேன். தடம் விழுந்த மூன்று கேஸில் ஒன்றில் புதுப் பிரைமர் கட்டைவிரலாலேயே உள்ளே போய்விட்டது. பிரைமர் குழி தளர்ந்துவிட்டது, மூன்றையும் நசுக்கிக் குப்பையில் போட்டேன்.

இன்று காலை ஒன்றரை கிரைன் குறைத்து ஆரம்பித்து, படிப்படியாகப் பழைய அளவுக்கு வந்தேன். 2,708, 2,714, 2,711. போல்ட் இரண்டு விரலில் எழும்புகிறது. வெயில் போன வாரத்தை விடக் கடுமை, காற்றுமானி சார் கவனிக்கவும்.

காற்றுமானி:

கவனித்தேன். என் கேஸில் புல்லட்டைப் போட்டுப் பார்த்தேன். வாயிலேயே நிற்கிறது. எந்தத் திரவம் வாங்கினீர்கள் என்று தனியாக ஒரு வரி போடுங்கள்.