கலைச்சொல்: ‘உமிழ்வுச் செறிவு’ வேண்டாம், ‘வருவாய்வீத உமிழ்வு’, ‘உற்பத்திவீத உமிழ்வு’

குழுவினர்க்கு வணக்கம். ஆலை வெளிவிடும் பசுங்குடில் வாயுவை (புவியைச் சூடேற்றும் கரியமிலவாயு போன்றவை) வருவாயாலோ உற்பத்தியாலோ வகுத்து வரும் எண்ணை ஆங்கிலத்தில் ‘emission intensity’ என்கிறார்கள். அதற்கான தமிழ்ச்சொல் பற்றிக் குழுவில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்காக நிலைத்தன்மை அறிக்கைப் படிவத்தைத் தமிழாக்குகிறேன். அடுத்த ஐந்தாண்டு இலக்கையும் அதை வைத்தே எழுதப்போகிறார்கள். ‘உமிழ்வுச் செறிவு’ என்றே போட்டுவிடவா? பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

அக்கா, போட வேண்டாம். இலக்கு எழுதப்போவதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் ‘செறிவு’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு. காற்றிலோ கிணற்று நீரிலோ வேதிப்பொருள் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதே அது. அந்த ஊர்க்காரர்கள் தாங்களே காற்று மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியவர்கள். கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று படித்துப் பழகியவர்கள். பள்ளிக்கூட வேதியியலிலும் கரைசலின் செறிவு என்றுதான் பிள்ளைகள் படிக்கிறார்கள். ‘ஆலையின் உமிழ்வுச் செறிவு 35 விழுக்காடு குறைந்தது’ என்று அறிக்கையில் வந்தால், காற்று அந்த அளவுக்குச் சுத்தமாகிவிட்டது என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அறிக்கை சொல்வதோ முற்றிலும் வேறு.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஓர் ஆலை முதலாண்டில் 10,000 டன் உமிழ்கிறது, வருவாய் 100 கோடி. கோடிக்கு 100 டன் வீதம். ஐந்தாம் ஆண்டில் 13,000 டன், வருவாய் 200 கோடி. கோடிக்கு 65 டன் வீதம். அறிக்கையில் 35 விழுக்காடு குறைவு. புகைபோக்கியில் 30 விழுக்காடு கூடுதல். இரண்டும் உண்மை. யாரும் பொய் எழுதவில்லை. அந்த ஐந்தாண்டில் சரக்கின் விலை மட்டும் ஏறியிருந்தால்கூடப் போதும், ஆலைக்குள் ஒரு குழாயைக்கூட மாற்றாமலேயே இந்த எண் இறங்கிவிடும்.

பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி 2021இல் கொண்டுவந்த பி.ஆர்.எஸ்.ஆர். (நிறுவனப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை) படிவத்தை எடுத்துப் பாருங்கள். சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 முதல் அது கட்டாயம். எரிசக்தி, தண்ணீர், பசுங்குடில் வாயு எல்லாவற்றையும் மொத்த அளவாகவும், ஒரு ரூபாய் வருவாய்க்கு எவ்வளவு என்றும் இரண்டு விதமாகக் கேட்கிறது. ரூபாய்க் கணக்கோடு நிற்காமல், 2023இல் வந்த திருத்தத்தில் உற்பத்தி அளவை வைத்தும் கேட்டார்கள். ஆக, வகுக்கும் எண் எது என்பதைப் பொறுத்து விடையே மாறுகிறது. ‘செறிவு’ அந்த வகுக்கும் எண்ணை மறைத்துவிடுகிறது. வகுக்கும் எண்ணைத் தன் முகத்திலேயே தாங்கி நிற்கும் சொல்தான் நமக்கு வேண்டும்.

அதற்கு ‘வீதம்’ இருக்கிறது. ஏக்கருக்கு இருபது மூட்டை வீதம், ஆளுக்கு நூறு வீதம் என்று சந்தையில் புழங்கும் சொல். முன்னால் அளவுகோலைச் சேர்த்தால் வருவாய்வீத உமிழ்வு, உற்பத்திவீத உமிழ்வு, வருவாய்வீத நீர்ப்பயன்பாடு என்று வேண்டிய மட்டும் பிறக்கும்.

> வீதம் என்றால் சதவீதமோ வட்டி வீதமோ என்று குழப்பம் வராதா? ‘தலா உமிழ்வு’ எளிமையாக இருக்கிறதே.

ஐயா, ‘தலா’ அழகான சொல். ஆனால் ‘தலா’ என்றதும் ஆள்தான் நினைவுக்கு வருவார். ‘தலா உமிழ்வு’ ஒரு மனிதருக்கு இவ்வளவு என்றே படிக்கப்படும்; அதற்கே அதை வைத்துக்கொள்வோம். வீதத்தில் குழப்பம் வரும் என்பதில் நியாயம் உண்டு. ஆகவே ஒரு கட்டுப்பாடு: வெறும் ‘வீத உமிழ்வு’ என்று எங்கும் எழுதக்கூடாது. எதன் வீதம் என்பது ஒட்டியே வரவேண்டும். சொல் நீளட்டும்.

இதற்கு எதிர்ச்சொல்லாக, எதாலும் வகுக்காத முழு அளவைக் குறிக்க (absolute emissions), ஒருவர் ‘தனி உமிழ்வு’ தந்திருந்தார். தனிவெப்பநிலை, தனிமதிப்பு என்ற பாடநூல் வழக்கை வைத்துச் சொல்கிறார், புரிகிறது. படிவத்தில் வந்தால் தனியாக ஒரு பிரிவின் உமிழ்வு என்றே தோன்றும். ‘மொத்த உமிழ்வு’ போதும்.

எந்த ஆண்டோடு ஒப்பிட்டுக் குறைவைக் கணக்கிடுகிறோமோ அதைக் குறிக்கும் ‘அடியாண்டு’ பற்றி யாருக்கும் மறுப்பில்லை, ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் விளக்கக் குறிப்பில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். உற்பத்தி படுத்த ஆண்டில் மொத்த உமிழ்வு குறையும், உற்பத்திவீத உமிழ்வு ஏறும். சரக்கு குறைந்தாலும் குளிரூட்டலும் விளக்கும் காவலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கொரோனா ஆண்டான 2020-21ஐ அடியாண்டாக வைத்து ‘உற்பத்திவீத உமிழ்வை 20 விழுக்காடு குறைப்போம்’ என்று ஒரு நிறுவனம் சொன்னால், ஆலை பழையபடி முழுமூச்சில் ஓடுவதே அந்த இலக்கில் பாதியை எட்டிக் கொடுத்துவிடலாம். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று இந்தக் கடலூர்க் கரையில்தான் ஏறியது, 2015இல் வெள்ளம். நம் பக்கத்தில் கெட்ட ஆண்டு அடிக்கடி வரும். ஆகவே பல ஆண்டுச் சராசரியை அடியாகக் கொள்வது நல்லது. பசுங்குடில் வாயுக் கணக்கீட்டுக்கான உலக நெறிமுறையும் அதை ஏற்கிறது. அதற்கு ‘சராசரி அடி’ என்று முன்மொழிகிறேன்.

தண்ணீருக்கு வந்தால் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. கடலோரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் உள்ளே வரும். வருவாய் எத்தனை கோடி ஏறினாலும் உறிஞ்சிய நீர் உறிஞ்சியதுதான். எனவே நீர் இலக்கு மொத்த அளவில்தான் இருக்க வேண்டும், வருவாய்வீத எண் பக்கத்தில் துணைக்கு நிற்கட்டும். இது சொல்லாக்கத்துக்கு வெளியே போகிற பேச்சு என்று சிலர் நினைக்கலாம். அக்காவின் படிவத்தைப் படித்து இலக்கு எழுதப்போகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு உள்ளேயே இருக்கட்டும்.

நாட்டு அளவிலும் இதே சிக்கல்தான். 2005 அளவிலிருந்து 2030க்குள் 45 விழுக்காடு குறைப்பதாக இந்தியா 2022இல் உறுதி தந்தது மொத்த உமிழ்வை அல்ல. மொத்த உள்நாட்டு உற்பத்திவீத (ஜி.டி.பி. வீத) உமிழ்வை. முன்னொட்டை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு வாக்குறுதியாகிவிடும்.

அக்கா, படிவத்தில் இப்படி வைத்துப் பாருங்கள்:

‘2030க்குள் உற்பத்திவீத உமிழ்வை, 2022-25 சராசரி அடியிலிருந்து ___ விழுக்காடு குறைப்போம். அதே காலத்தில் மொத்த உமிழ்வு ___ டன்னைத் தாண்டாது.’

இரண்டாவது வாக்கியத்தைக் கம்பெனிக்காரர்கள் எடுக்கச் சொல்லலாம். அப்படியானால் அந்த இடத்தை வெற்றாக விட்டு அச்சிடுங்கள், நீக்க வேண்டாம். ஆலைத் தொழிலாளர்கள் படிக்கும்போது எந்தச் சொல்லில் தடுக்கி நிற்கிறார்கள் என்று இங்கே எழுதினால், அதைப் பார்த்துக் கலைச்சொல் தொகுப்பில் ஏற்றலாம்.

அன்புடன்,
கடலூர் முதுநகர்