ஃபெட்ச்ல அனுப்புற டேட்டா சர்வர்ல காலியா வருது, போஸ்ட்மேன்ல மட்டும் சரியா போகுது

காங்கேயம்காளை:
எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க ஊர் பால் உற்பத்தியாளர் சங்கத்துக்கு ஒரு சின்ன பதிவுப் பக்கம் எழுதிட்டு இருக்கேன். தேதி, உறுப்பினர் எண், லிட்டர், ஃபேட், எஸ்என்எஃப் (பால்ல கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்), காலையா சாயங்காலமா, அவ்வளவுதான் ஃபார்ம். சேவ் பட்டனை அமுக்குனா ஃபெட்ச் (பிரவுசர் ஸ்கிரிப்ட்ல இருந்து சர்வருக்கு டேட்டா அனுப்புற ஃபங்ஷன்) வழியா போஸ்ட் ஆகி, எக்ஸ்பிரஸ் 4ல (நோட்.ஜேஎஸ் சர்வர் ஃபிரேம்வொர்க்) எழுதுன ஏபிஐக்குப் போகணும். அங்கிருந்து மைஎஸ்கியூஎல்.

போஸ்ட்மேன்ல (ஏபிஐயைச் சோதிக்கிற ஆப்) அனுப்புனா டேபிள்ல சரியா விழுதுங்க. பிரவுசர்ல இருந்து அனுப்புனா ரிக்வெஸ்ட் பாடி காலி ஆப்ஜெக்டா வருது. முதல்ல கன்சோல்ல கார்ஸ்னு (வேற தளத்துக்குப் போற ரிக்வெஸ்டுக்கான பிரவுசர் விதி) சிவப்பா ஒரு எரர் இருந்துச்சு. ஒரு வீடியோவைப் பார்த்து ஃபெட்ச்ல மோடை நோ-கார்ஸ்னு மாத்துனேன், எரர் போயிருச்சு. ஆனா டேட்டா வரலைங்க. பக்கம் லைவ் சர்வர்ல 5500 போர்ட்ல ஓடுது, ஏபிஐ 3000 போர்ட்ல.

ஜேஎஸ்பிரியன்:
ஆப்ஜெக்டை அப்படியே பாடில வெச்சிருப்பீங்க. ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை (ஆப்ஜெக்டை ஜேசன் எழுத்தா மாத்துறது) போடுங்க, கன்டென்ட்-டைப் ஹெடரை அப்ளிகேஷன்/ஜேசன்னு குடுங்க. எக்ஸ்பிரஸ்.ஜேசன் மிடில்வேர் (வர்ற ஜேசனைப் பிரிச்சுக் குடுக்குற இடைப்பகுதி) ரூட்டுக்கு மேல இருக்கான்னும் பாருங்க.

காங்கேயம்காளை:
மூணுமே இருக்குங்க. அதான் புரியலை.

பின்புலவன்:
தம்பி, கோடை ஒரு நிமிஷம் விட்டுடுங்க. எஃப்12 அமுக்கி நெட்வொர்க் டேபைத் திறந்து, சேவ் பட்டனைத் தட்டி, அந்த ரிக்வெஸ்ட் மேல கிளிக் பண்ணுங்க. ரிக்வெஸ்ட் ஹெடர்ஸ்ல கன்டென்ட்-டைப்னு என்ன எழுதியிருக்கு? நீங்க கோட்ல எழுதுனது அங்க இருக்காது. டெக்ஸ்ட்/ப்ளெய்ன்னு இருக்கும்.

காரணம் அந்த நோ-கார்ஸ். அந்த மோட்ல பிரவுசர் ஒருசில ஹெடரை மட்டும்தான் விடும். கன்டென்ட்-டைப்ல மூணு மதிப்புக்குத்தான் அனுமதி: சாதாரண எச்டிஎம்எல் ஃபார்ம் அனுப்புற யூஆர்எல்-என்கோடட், ஃபைல் அனுப்புற மல்டிபார்ட், அப்புறம் டெக்ஸ்ட்/ப்ளெய்ன். அப்ளிகேஷன்/ஜேசன் அதுல இல்ல. அதனால நீங்க குடுத்த ஹெடரை எந்த எரரும் காட்டாம தூக்கிப் போட்டுட்டு, ஸ்ட்ரிங்கை டெக்ஸ்டா அனுப்பிடுது. உங்க எக்ஸ்பிரஸ்.ஜேசன் மிடில்வேர் ஜேசன்னு ஹெடர் இருக்குற பாடியை மட்டும்தான் பிரிக்கும். டெக்ஸ்ட்னு வந்ததும் தொடாம ஒதுங்கிடும். மிச்சம் காலி ஆப்ஜெக்ட். டேட்டா சர்வர் வரைக்கும் வந்துடுச்சு, படிக்கத்தான் ஆள் இல்ல.

இன்னொண்ணு. நோ-கார்ஸ்ல வர்ற பதிலை உங்க ஸ்கிரிப்ட் பார்க்கவே முடியாது. சர்வர் 200 (வெற்றி) அனுப்புனாலும் 500 (சர்வர் எரர்) அனுப்புனாலும் ஸ்டேட்டஸ் 0ன்னுதான் தெரியும். பால் ஊத்திட்டுப் போறவருக்குப் பதிவு ஆச்சா இல்லையான்னு சொல்ல வேண்டிய பக்கம் அது. அந்த வரியை இன்னைக்கே எடுத்துடுங்க. இதைத் தீர்வுன்னு சொல்லித் தர்ற வீடியோக்களைப் பார்த்தா எனக்கு ஆத்திரமா வருது. கத்துக்கிற பிள்ளைங்க எத்தனை பேர் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கிறாங்க.

எடுத்ததும் பழைய சிவப்பு எரர் திரும்ப வரும், பயப்படாதீங்க. போர்ட் வேறன்னா பிரவுசர் கணக்குல ஆரிஜினும் (புரோட்டோகால், முகவரி, போர்ட் மூணும் சேர்ந்தது) வேற. ஜேசனை வேற ஆரிஜினுக்கு அனுப்பும்போது பிரவுசர் முதல்ல ஆப்ஷன்ஸ் மெத்தட்ல ஒரு ப்ரீஃப்ளைட் அனுப்பி, 'இந்த இடத்துல இருந்து, இந்த ஹெடரோட போஸ்ட் பண்ணலாமா'ன்னு கேட்கும். சர்வர் சரின்னு சொன்னாத்தான் உண்மையான போஸ்ட் கிளம்பும். உங்க சர்வர் அதுக்குச் சரியான பதில் சொல்லல, அவ்வளவுதான். போஸ்ட்மேன் பிரவுசர் பக்கம் இல்ல, இந்த விதி அதுக்குக் கிடையாது. அதனாலதான் அங்க ஓடுது.

உங்களுக்கு நேர் வழி: எச்டிஎம்எல், ஸ்கிரிப்ட் ரெண்டையும் பப்ளிக்னு ஒரு ஃபோல்டர்ல போட்டு, எக்ஸ்பிரஸ்.ஸ்டாட்டிக் வழியா அதே 3000 போர்ட்ல இருந்தே குடுங்க. ஆரிஜின் ஒண்ணாயிடும், கார்ஸ் பேச்சே இல்ல. ஃபெட்ச்லயும் முழு முகவரி வேண்டாம், ஸ்லாஷ்ல ஆரம்பிச்சு ஏபிஐ பாதையை மட்டும் குடுத்தா போதும். லைவ் சர்வரை விடவே முடியாதுன்னா கார்ஸ் பேக்கேஜைப் போட்டு அந்த ஒரு ஆரிஜினை மட்டும் அனுமதிங்க. அதுலயும் ஒரு பள்ளம் இருக்கு: லைவ் சர்வர் பெரும்பாலும் 127.0.0.1ன்னு திறக்கும், நம்ம ஆளுங்க சர்வர்ல லோக்கல்ஹோஸ்ட்னு எழுதி வெச்சிருப்பாங்க. ரெண்டும் ஒரே மெஷின்தான், ஆனா பிரவுசருக்கு ரெண்டும் வேற ஆரிஜின்.

காங்கேயம்காளை:
அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே டெக்ஸ்ட்/ப்ளெய்ன்னுதான் இருந்துச்சுங்க! ஸ்டாட்டிக் ஃபோல்டருக்கு மாத்திட்டேன், டேபிள்ல விழுது. ரொம்ப நன்றிங்க.

இப்ப வேற ஒரு குழப்பம். காலைல போடுற பதிவுல முதல் கொஞ்சம் பேருக்கு மட்டும் நேத்து தேதி விழுதுங்க. அப்புறம் வர்றவங்களுக்குச் சரியா இருக்கு. தேதிக்கு நியூ டேட் எடுத்து, டு-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் போட்டு, முதல் 10 எழுத்தை வெட்டி அனுப்புறேன்.

நொய்யல்:
சங்கத்துல பால் எடுக்க ஆரம்பிக்கிறது காலைல 5 மணிக்கா? அப்படின்னா தப்பு 5:30 வரைக்கும் மட்டும்தான் நடக்கும், டேபிளைப் பாருங்க. டு-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் எப்பவும் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரம்தான் தரும். நம்ம நேரம் அதுக்கு 5:30 மணி முன்னாடி ஓடுது. காலைல 5:10க்கு நீங்க அமுக்குனா யூடிசில முந்தின நாள் ராத்திரி 11:40. அதுல 10 எழுத்தை வெட்டுனா நேத்து தேதிதான் வரும். ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபையும் டேட் ஆப்ஜெக்டை இதே மாதிரிதான் மாத்தும். ஃபார்ம்ல தேதி இன்புட் இருக்குல்ல? அதோட வேல்யூவே வருஷம்-மாசம்-நாள்னு ஸ்ட்ரிங்காத்தான் வரும், அதை டேட் ஆப்ஜெக்டா மாத்தாம அப்படியே அனுப்புங்க. பதிவான நேரத்தை சர்வரே போட்டுக்கட்டும், கவுண்டர் கம்ப்யூட்டர் கடிகாரத்தை நம்பாதீங்க.

பின்புலவன்:
நொய்யல் சொன்னது அப்படியே சரி. தேதியைத் தொட்டதால எண்களையும் சொல்லிடறேன், இது காசு விஷயம். இன்புட்ல இருந்து வேல்யூன்னு எடுக்கிறது எப்பவுமே ஸ்ட்ரிங். அதை நம்பர்னு மாத்தித்தான் அனுப்புவீங்க. ஆனா காலி இன்புட்டை நம்பர் ஃபங்ஷன்ல குடுத்தா 0ன்னு வரும். அவசரத்துல ஃபேட் கட்டத்தை விட்டுட்டு சேவ் அமுக்குனா, அந்த விவசாயி பாலுக்கு ஃபேட் 0ன்னு பதிவாகும், விலையும் அதை வெச்சுத்தான் போடுவாங்க. வேல்யூ-ஆஸ்-நம்பர்னு எடுத்தா காலிக்கு நேன் ('எண் இல்ல'ங்கிற மதிப்பு) வரும், ஸ்ட்ரிங்கிஃபை அதை நல்னு (மதிப்பே இல்லைன்னு) மாத்தும், சர்வர்ல நல் பார்த்ததும் 400 ('ரிக்வெஸ்ட் தப்பு'ங்கிற பதில்) திருப்பி அனுப்பலாம். பிரவுசர்ல என்ன செக் வெச்சாலும் சர்வர்லயும் ஒரு தடவை கண்டிப்பா வெச்சிருக்கணும். உறுப்பினரோட பேங்க் கணக்கு எண் பின்னாடி சேர்ப்பீங்கன்னா அதை ஸ்ட்ரிங்காவே வெச்சுக்கோங்க. ஜாவாஸ்கிரிப்ட் நம்பர் 9007199254740991 வரைக்கும்தான் முழுசாத் தாங்கும், அதுக்கு மேல கடைசி இலக்கம் மாறிடும். எண்ணோட முன்னாடி பூஜ்யம் இருந்தா அதுவும் போயிடும்.

அந்த 400 வந்தா ஃபெட்ச் கேட்ச்சுக்குள்ள (எரரைப் பிடிக்கிற பகுதி) போகாது. நெட்வொர்க் அறுந்தது மாதிரி பதிலே கைக்கு வராதப்பதான் போகும். 404, 500 எல்லாமே ஃபெட்ச் பார்வையில் 'பதில் வந்துடுச்சு' கணக்குதான். ரெஸ்பான்ஸ்.ஓகே உண்மையான்னு பார்த்துட்டு அப்புறம் 'பதிவாயிடுச்சு'ன்னு காட்டுங்க.

காங்கேயம்காளை:
டேபிளைப் பார்த்தேனுங்க, 5:30க்கு முந்தினதுதான் எல்லாமே. மாத்திட்டேன். கடைசியா ஒண்ணு: எங்க ஊர்ல நெட் திணறும், சேவை ரெண்டு தடவை அமுக்கிடறாங்க. ஒரே பால் ரெண்டு தடவை ஏறிடுது. பட்டனை டிசேபிள் பண்ணுனா போதுங்களா?

பின்புலவன்:
பண்ணுங்க, ஆனா அது மட்டும் பத்தாது. சர்வர்ல பதிவாகி, பதில் திரும்பி வரும்போது நெட் போச்சுன்னா பக்கத்துல தோல்வின்னுதான் தெரியும், கண்டிப்பா மறுபடி அமுக்குவாங்க. உறுப்பினர் எண், தேதி, காலை/மாலை மூணையும் சேர்த்து டேபிள்ல யூனிக் கீ (ஒரே சேர்க்கையை ரெண்டு தடவை ஏற விடாத விதி) வெச்சுடுங்க. ரெண்டாவது தடவை வந்தா டேட்டாபேஸே மறுத்துடும். அந்த எரரைப் பிடிச்சு, புதுசா வந்த லிட்டரும் ஃபேட்டும் ஏற்கனவே இருக்குறதோட ஒத்துப்போனா 'இது பதிவாயிடுச்சு'ன்னு சொல்லுங்க. வேறயா இருந்தா கவுண்டர்ல இருக்குறவரைக் கேளுங்க.

ஒரே ஆள் ஒரே வேளைல ரெண்டு கேன் தனித்தனியா ஊத்துற பழக்கம் உங்க சங்கத்துல உண்டுன்னா இந்தக் கீ ஆகாது. அப்ப ஒவ்வொரு பதிவுக்கும் ஃபார்ம் திறக்கும்போதே ஒரு ஐடி உருவாக்கி, அதையும் டேட்டாவோட அனுப்பணும். கிரிப்டோ.ரேண்டம்-யூயூஐடின்னு பிரவுசர்லயே இருக்கு, ஆனா எச்டிடிபிஎஸ்லயும் லோக்கல்ஹோஸ்ட்லயும்தான் கிடைக்கும். சங்கத்து கவுண்டர்ல 192.168ன்னு ஆரம்பிக்கிற முகவரியில வெறும் எச்டிடிபில திறந்தா அந்த ஃபங்ஷனே இருக்காது. அங்க எப்படித் திறக்கிறாங்கன்னு பார்த்துட்டு சொல்லுங்க தம்பி.